ஈஜிஎஃப் சேர்க்கும் முன்பே ஈஆர்கே ஏன் விழித்துக்கொண்டது?

உயிருள்ள எம்சிஎஃப்-10ஏ (மனித மார்பகத் திசு) செல்களில் ஈஆர்கே என்னும் கைனேஸ் (பிற புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) எப்போது வேலை செய்கிறது என்று பார்க்க, 2014-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்குழு வெளியிட்ட கேடிஆர் என்னும் ஒளிரும் புரத உணர்வியைப் பயன்படுத்தினேன். ஈஆர்கே அதில் பாஸ்பேட்டை ஒட்டினால், ஒளிரும் அந்தப் புரதம் உட்கருவை விட்டு சைட்டோபிளாசத்துக்கு நகரும். புரதங்களை அளக்கும் வெஸ்டர்ன் பிளாட் முறையில் செல்களை உடைத்துச் சராசரிதான் பார்க்க முடியும்; இதில் ஒவ்வொரு செல்லும் தனியாகத் தெரியும். எனக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் ஈஆர்கேயைத் தூண்டும் வளர்ச்சிக் காரணியான ஈஜிஎஃபைச் சேர்க்கும் முன்பே ஒளி உட்கருவை விட்டு வெளியே வந்திருந்தது. உணர்வியைச் சந்தேகித்து இரண்டு வாரம் போனது. அப்புறம் ஈஜிஎஃப் இல்லாத வெறும் ஊடகத்தை (செல் வளர்க்கும் திரவத்தை) ஊற்றிப் பார்த்தேன். அதற்கும் அதே துடிப்பு! அதுவரை தட்டைக் கழுவிப் புது ஊடகம் ஊற்றிய கையோடு படமெடுத்துவந்தேன். அந்தக் கையாளலே செல்களைத் தூண்டியிருக்கிறது.

இப்போது முதல்நாள் இரவே சீரமும் வளர்ச்சிக் காரணிகளும் இல்லாத ஊடகத்துக்கு மாற்றிவிடுகிறேன். நுண்ணோக்கி மேடையில் 37 டிகிரியில், 5% கார்பன் டை ஆக்சைடில் ஒரு மணி நேரம் அசைக்காமல் விடுகிறேன். தட்டின் பக்கத்துக் குழியிலிருந்து எடுத்த, அதே வெப்பமுள்ள ஊடகத்தில் ஈஜிஎஃபைக் கலந்து, ஓரமாக மெதுவாகச் சேர்க்கிறேன். நீல ஒளியையும் குறைத்தேன். அதிக ஒளியும் செல்லுக்கு அழுத்தம்தான்.

கடைசியில், ஈஆர்கேயை இயக்கிவிடும் மெக் என்னும் கைனேஸின் தடுப்பானைச் சேர்த்தபோது ஒளி உட்கருவுக்குத் திரும்பியது. சரி, நான் பார்ப்பது ஈஆர்கேயைத்தான் என்று அன்றுதான் நம்பினேன்.