பென்னியும் ஒண்ணுக்கும்: இங்கிலாந்து வார்டுக்கு வர்ற வேலூர்க்காரங்களுக்கு

ஐஇஎல்டிஎஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சை வழியா வந்தவங்கன்னா பேச்சு, கேட்டல், வாசிப்பு மூணுலயும் 7, எழுத்துல 6.5 வாங்கியிருப்பீங்க. இங்கே நர்ஸ் பதிவுக்கு வழக்கமாக் கேட்கிற மார்க் அது. அவ்வளவு மார்க் எடுத்தாச்சு, இனிமே இங்கிலீஷுக்குப் பயப்பட வேண்டாம்னுதான் நானும் காட்பாடியில ரயில் ஏறினேன்.

முதல் வாரம், நைட் டியூட்டி. எண்பதைத் தாண்டின ஒரு பாட்டி, "ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன், லவ்"னாங்க. ஏதோ வேடிக்கையாச் சொல்றாங்கன்னு நெனைச்சு நான் சிரிச்சுட்டேன். பக்கத்துல இருந்த சீனியர் சிரிக்கல. பிபி மிஷினைத் தள்ளிக்கிட்டு வேகமா வந்தாங்க. ஃபன்னி டர்ன்னா திடீர்னு கண்ணு இருட்டி, தலை கிறுகிறுத்து, ஆள் தடுமாறிப் போறது. வயசானவங்க வாயில அந்த வார்த்தை வந்தா உடனே பார்க்கணும், எழுதி வைக்கணும். (அந்த 'லவ்' சும்மா பாசத்துல சொல்றது, நம்ம ஊர்ல 'கண்ணு'ன்னு கூப்பிடற மாதிரி. கூச்சப்படாதீங்க.)

வார்டுல இந்த மாதிரி நிறைய வரும். 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்'னு சொன்னா ஊசியைத் தேடாதீங்க. கை கால் மரத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு அர்த்தம். 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லைன்னா குழாய் ரிப்பேர் இல்லை, ஒண்ணுக்குப் போறதுல தொந்தரவு. தொண்டையில தவளைன்னா குரல் கம்மிப் போச்சு. 'அண்டர் தி வெதர்'னா ஒடம்பு அவ்வளவாச் சரியில்லை.

'ஸ்பெண்ட் எ பென்னி' எனக்குப் பிடிச்சது. ஒண்ணுக்குப் போறதுன்னு அர்த்தம். 1851-ல லண்டன்ல நடந்த பெரிய கண்காட்சியில கழிப்பறைக்கு ஒரு பென்னி வாங்கினாங்க. அப்புறம் பொதுக் கழிப்பறைக் கதவுலயே பென்னி போட்டாத்தான் திறக்கும்னு ஆச்சு. இன்னிக்கு ஒரு பென்னிக்கு ஒண்ணுமே கிடைக்காது, ஆனா பாட்டிங்க இன்னும் பென்னி செலவழிக்கத்தான் போறாங்க. நமக்கு இதுல ஆச்சரியம் எதுக்கு? தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்னு நம்ம ஊரைச் சொல்றாங்களே, எங்க சத்துவாச்சாரியில இருந்த லிங்கம் 1981-லயே கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிப் போயிடுச்சு. பேச்சு மட்டும் நிக்கல. அது போகட்டும், 'ஒண்ணுக்கு'ன்னு நாம சொல்றதை வெள்ளைக்காரனுக்கு வார்த்தைக்கு வார்த்தை விளக்கிப் பாருங்க!

பழகுறதுக்கு நான் செஞ்சது இதுதான். பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு. காதுல விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்துல எழுதிடுவேன். யார் சொன்னாங்க, யார்கிட்ட, அப்போ என்ன நடந்துக்கினு இருந்துச்சுன்னு கீழே ஒரு வரி. அர்த்தத்தை ரூமுக்கு வந்துதான் பார்ப்பேன். அதுக்கு எதிரே, அதே இடத்துல எங்க அம்மா என்ன சொல்லியிருப்பாங்கன்னு எழுதுவேன். 'புல்லிங் மை லெக்' – எனக்கே காது குத்தறியா. 'நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட்' – இன்னும் கண்டம் தாண்டல. 'பீஸ் ஆஃப் கேக்' – அல்வா சாப்பிடற மாதிரி. அகராதி அர்த்தம் மறுநாளே மறந்துடும், அம்மா குரல்ல எழுதினது மறக்கல.

அந்த அல்வாவையே பாருங்க. சாப்பிட்டா சுலபம், கொடுத்தா ஏமாத்து. ஒரு வினை மாறினா விஷயமே தலைகீழ். இங்கிலீஷ்லயும் அப்படித்தான், அதனால ரெண்டு மூணு மாசம் காதை மட்டும் திறந்து வையுங்க. வாய் அப்புறம். முக்கியமா 'கிக் த பக்கெட்'. செத்துப் போறதுக்கு இப்படிச் சொல்வாங்கன்னு கோச்சிங் சென்டர்ல மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அது நம்ம 'மண்டையைப் போட்டுட்டான்' தான். அழுதுக்கினு நிக்கிற மகள்கிட்ட யாராவது அதைச் சொல்வாங்களா? 'பாஸ்ட் அவே'ன்னு சொல்லலாம், இல்லைன்னா நேரா 'டைடு' (died). ஊர்ல கேஸ் ஷீட்டுல எழுதற 'எக்ஸ்பயர்ட்' இங்கே பால் பாக்கெட்டுக்கும் மாத்திரைக்கும்தான்.

நம்ம கைச்சரக்கும் சிலது இங்கே செல்லாது. "ஐ பாஸ்ட் அவுட் இன் 2014"னு சொன்னேன். மயக்கம் போட்டு விழுந்தேன்னு எடுத்துக்கிட்டு, "இப்போ பரவாயில்லையா?"ன்னு கேட்டாங்க. 'கிராஜுவேட்டட்'னு சொல்லுங்க. 'ஐ ஹேவ் எ டவுட்'டும் வேண்டாம், உங்க மேல சந்தேகம்னு கேட்கும். 'கொஸ்டின்' போதும்.

காரிடார்ல "யூ ஆல்ரைட்?"னு கேட்டுட்டு நிக்காமப் போவாங்க. வணக்கம் மாதிரி அது. முட்டிவலிக் கதையை ஆரம்பிச்சுடாதீங்க, திருப்பி "யூ ஆல்ரைட்?"னு சொல்லிட்டு நடங்க.

முதல்ல வாய்விட்டுச் சொல்ல பயமில்லாத ஒண்ணு வேணும்னா 'எனி ஜாய்?' எடுத்துக்குங்க. ஃபார்மசிக்குப் போன் போட்டுட்டு வந்தா சிஸ்டர் அப்படிக் கேட்பாங்க. சந்தோஷமா இருக்கியான்னு இல்லை, போன காரியம் ஆச்சான்னு. மருந்து வரலைன்னா, "நோ ஜாய் யெட்".