பேசாமல் யோசனை திரட்ட ஒரு வழி: 6-3-5

"மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று கூட்டத்தில் கேட்டால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கூச்சம் மட்டும் காரணமல்ல. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதற்குள் தோன்றியது மறந்துபோகிறது. டீல், ஷ்ட்ரோபெ என்ற உளவியலாளர்கள் 1987-இல் சோதனைகள் மூலம் இதைக் காட்டினார்கள். எழுத வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்கான முறையை ஜெர்மனியின் பெர்ன்ட் ரோர்பாக் 1960-களின் இறுதியில் வெளியிட்டார்: 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, சுற்றுக்கு 5 நிமிடம்.

முதலில் கேள்வி. பாதித் தோல்வி இங்கேதான். 'உற்பத்தியைப் பெருக்குவது எப்படி?' என்றால் சுவரொட்டி வாசகங்கள்தான் வரும். 'பிரஸ்ஸில் (தகட்டை அழுத்தும் இயந்திரம்) டை (அச்சு) மாற்ற ஆகும் 50 நிமிடத்தை 30 ஆக்குவது எப்படி?' என்று அளந்த எண்ணோடு கேளுங்கள்.

அடுத்து ஆறு பேர்: அந்த பிரஸ்ஸில் நிற்கும் ஆபரேட்டர் இருவர், மெயின்டனன்ஸ், டூல் ரூம், ஸ்டோர்ஸிலிருந்து ஒவ்வொருவர், சம்பந்தமே இல்லாத ஒருவர். மேனேஜர் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அவருக்குப் பிடித்ததைத்தான் எழுதுவார்கள்.

ஆளுக்கொரு ஏ4 தாளைக் குறுக்காக வைத்து 3 பத்தி, 6 வரிசை கோடு போடுங்கள். எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா. பெயர் வேண்டாம். தமிழில் எழுதலாம், படமும் வரையலாம். முதல் வரிசையை 5 நிமிடத்தில் நிரப்பி, தாளை வலப்பக்கம் தள்ள வேண்டும். வாங்கியவர் மேலே உள்ளதைப் படித்து அதை வளர்க்கலாம், புதிதாகவும் எழுதலாம்.

ஒரு பத்தி இப்படி வளரும்: 'டையைப் பிடிக்க எட்டு போல்ட்டுக்கு நாலு போதுமே.' அடுத்தவர்: 'நாலு தாங்காது, டை நகரும். துளையை வெளிப்பக்கம் திறந்த காடியாக (பிளவாக) ஆக்கினால் நட்டைத் தளர்த்தி போல்டை இழுத்துவிடலாம்.' அதற்கும் கீழே: 'எல்லா டைக்கும் அந்த இடத்துத் தடிமன் ஒன்றானால் போல்ட்டையே மாற்ற வேண்டாம்.' முதல் யோசனை தப்புதான். அது இல்லாமல் மற்ற இரண்டும் வந்திருக்காது.

மூன்றாம் சுற்றில் பேனா நிற்கும், விட்டுவிடுங்கள். நாலாவதிலிருந்து படிக்கவே நேரமாகும் என்பதால் 2 நிமிடம் கூட்டுங்கள். கணக்குப்படி 108 கட்டம். ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்தால் வெகுவாகக் குறையும். கட்டம் காலியாக இருந்தாலும் பரவாயில்லை, கட்டாயப்படுத்தினால் குப்பைதான் சேரும்.

பிறகு தாள்களைச் சுவரில் ஒட்டி, ஆளுக்கு 3 ஸ்டிக்கர் பொட்டு கொடுத்துப் பிடித்ததில் ஒட்டச் சொல்லுங்கள். அதிகப் பொட்டு வாங்கியதில் செலவில்லாத ஒன்றை அந்த வாரமே எடுங்கள். தள்ளியவற்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி நோட்டீஸ் போர்டில் போடுங்கள். இதைச் செய்யாத இடத்தில் அடுத்த முறை தாள் வெறுமையாகத்தான் திரும்பும்.

சோதனையை ஒரே ஒரு டையில் செய்யுங்கள். மாற்றத்துக்கு முன் மூன்று தடவை, பின் மூன்று தடவை, அதே ஆபரேட்டரை வைத்து நேரம் எடுங்கள். ஆள் மாறினால் நேரம் குறைந்தது காடியாலா கைப்பழக்கத்தாலா என்று பிரிக்க முடியாது.