நிழலில்லா நாளை ஊர்கூட்டிக் காட்டுவது எப்படி

நட்டநடுப் பகலில் சூரியன் தினமும் நேர் உச்சிக்கு வந்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சென்னையில் அப்படி வருவது ஆண்டுக்கு இரண்டே முறை: ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி. அன்று உச்சிவேளையில் நேராக நட்ட கம்புக்கு நிழலே விழாது, அதுதான் நிழலில்லா நாள். டிசம்பர் 21 உச்சிவேளையில் அங்கே ஒரு மீட்டர் கம்பின் நிழல் வடக்கே 74 செ.மீ. நீளும், ஜூன் 21-ல் தெற்கே 18 செ.மீ. விழும். கம்புக்குத் தெற்கே நிழல் விழும் மாதங்களும் உண்டு என்பதே பலருக்குப் புதுச் செய்தி. தொலைநோக்கி இல்லாமல், செலவில்லாமல், நூறு பேருக்கு ஒரே நேரத்தில் வானியலைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

தேதி ஊருக்கு ஊர் மாறும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10 வாக்கில், மதுரைக்கு 16 வாக்கில். ஆனால் தேதியைவிட நேரம்தான் காலை வாரும். ஏப்ரலில் சூரியன் ஒரு நாளைக்கு வடக்கே நகர்வது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு டிகிரி. ஒரு மீட்டர் கம்புக்கு 6 மி.மீ. நிழல். கிழக்கிலிருந்து மேற்கே போவதோ நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அதற்கு 17 மி.மீ. அதாவது நான்கு நிமிடம் பிசகினால் மூன்று நாள் பிசகியதற்குச் சமம். சரியாக 12 மணிக்குக் கூட்டத்தைக் கூட்டி, நிழல் இருக்கிறதே என்று கலைத்துவிடுவது இதனால்தான்.

உங்கள் ஊரின் உச்சிநேரத்தைக் கணக்கிடுவது எளிது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதற்கு மேற்கே ஒவ்வொரு டிகிரிக்கும் 12 மணியோடு 4 நிமிடம் கூட்டுங்கள். ஏப்ரல் கடைசியில் அதில் 2 நிமிடம் கழியும். ஆகஸ்ட் நடுவில் 4 நிமிடம் கூடும். சென்னைக்கு ஏப்ரலில் 12:07, ஆகஸ்டில் 12:13 வரும். முதல் நாளே சரிபார்த்துவிடுங்கள்: முற்பகலில் ஏதாவது ஒரு நேரம் கம்பின் நிழல் நீளத்தைக் குறித்து, பிற்பகலில் அதே நீளம் வரும் நேரத்தையும் குறித்தால், இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் உச்சிநேரம்.

கம்புக்கு ஒரு அங்குல பிவிசி பைப், ஒரு மீட்டர் நீளம் போதும். மெல்லிய கம்பி வேண்டாம். சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் நிழலின் விளிம்பு 9 மி.மீ. அளவுக்கு மங்கலாகத்தான் இருக்கும். அதைவிட மெல்லிய கம்பியின் நுனி அந்த மங்கலில் காணாமல் போய்விடும். பைப்பைக் கனமான பலகையில் இறுக்கி, பலகையை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். பிறகு கொத்தனார் தூக்குக்குண்டால் இரண்டு பக்கமும், வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும், நேர் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மற்றப் பக்கச் சாய்வு தெரியாது. ஒரு டிகிரி சாய்ந்தாலே 17 மி.மீ. பொய் நிழல். எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைப்பதைப் பலர் செய்கிறார்கள். அதன் சரிந்த பக்கம் நிழலைத் தனக்குள்ளேயே மறைத்துக்கொள்வதால் உச்சிநேரத்துக்கு வெகு முன்பே நிழல் போனதுபோல் தெரியும். நேர்ப்பக்கமுள்ள பொருளே வேண்டும்.

அன்று காலை 11:30-க்கே தொடங்குங்கள். பலகையில் சார்ட் பேப்பர் ஒட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைப் பிள்ளைகளே குறிக்கட்டும். அடுத்த புள்ளி எங்கே விழும் என்று முன்கூட்டியே பென்சிலால் கணித்து வைக்கச் சொல்லுங்கள். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் வந்த வேலையே கெட்டது. வெறுங்காலோடு தரையில் நிற்கவிடாதீர்கள். குடிநீர் கையருகே இருக்கட்டும். நிழலைத்தான் பார்க்க வேண்டும், சூரியனையோ பைப்பின் துளை வழியாக வானத்தையோ பார்க்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வசதியிருந்தால் வேறொரு ஊர்ப் பள்ளியையும் சேர்த்துக்கொண்டு பூமியின் சுற்றளவையே அளக்கலாம். சென்னையில் நிழல் இல்லாத அன்று, கன்னியாகுமரியில் அந்த ஊரின் உச்சிநேரத்தில், அதாவது ஏப்ரலில் 12:18-க்கு, ஒரு மீட்டர் பைப்பின் நிழல் தெற்கே ஏறக்குறைய 8.7 செ.மீ. இருக்கும், அதாவது சூரியக்கதிர் பைப்போடு சேரும் கோணம் 5 டிகிரி. இரண்டு ஊருக்கும் இடையே பூமி வளைந்திருப்பதும் அதே 5 டிகிரிதான். இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்காக உள்ள இடைவெளி சுமார் 553 கி.மீ. பூமியைச் சுற்றிய முழு வட்டம் 360 டிகிரி, அதை 5-ஆல் வகுத்தால் 72. 553-ஐ 72-ஆல் பெருக்கினால் 39,816 கி.மீ. துருவங்கள் வழியான உண்மைச் சுற்றளவு 40,008.

இதில் தவறு நுழையும் வாசல் இரண்டு. ரயில் தூரத்தைப் போட்டால் விடை 50,000-ஐத் தாண்டிவிடும். வரைபட அளவுகோலால் நேர் தெற்கு வடக்குத் தூரத்தை மட்டும் எடுங்கள். அடுத்தது, நிழலைப் பைப்பின் நடுவிலிருந்து அளப்பது. நிழல் விழும் பக்கம் உள்ள பைப்பின் வெளிவிளிம்பிலிருந்து, நிழல் நுனி மங்கலின் நடுப்பகுதி வரை அளக்க வேண்டும். ஒரு மி.மீ. மாறினாலே சுற்றளவு 450 கி.மீ. போல மாறும். ஆகவே மூன்று பிள்ளைகள் தனித்தனியே அளந்து சராசரி எடுப்பது நல்லது.

ஏப்ரல் கடைசியில் பள்ளிகள் தேர்வு, விடுமுறை என்றிருக்கும். ஆகஸ்டில் பிள்ளைகள் இருப்பார்கள், மேகமும் இருக்கும். மேகம் மறைத்தால் மறுநாள் அதே நேரத்துக்குக் கூடுங்கள். மறுநாள் நிழல் 6 மி.மீ.தான், நுனியின் மங்கலைவிடக் குறைவு. கண்ணுக்கு இல்லாததுபோலவே தெரியும்.