சேலத்துச் சிறுமிகளை ஐஸ் ஹாக்கிக்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

சேலத்தில் பனி உறைவதில்லை. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில்கூட மார்கழிக் குளிர் பல்லைக் கிட்டிக்க வைக்குமே தவிர, ஏரி உறைவதில்லை. ஆகவே, மகளை ஐஸ் ஹாக்கி ஆட வைக்க வேண்டும் என்று ஒரு தாய் சொன்னால் அக்கம்பக்கத்தார் வியப்பது இயல்பே. ஆனால் இந்த ஆட்டத்தின் தொடக்கப் பாடங்களில் பெரும்பகுதியைச் சக்கரக் காலணியிலேயே கற்றுவிடலாம் என்பதை அந்தத் தாய்க்கு நான் உறுதியாகச் சொல்வேன். லடாக்கிலும் இயற்கைப் பனித்தளம் குளிர்காலத்தில் சில மாதங்கள்தான் நிற்கிறது. அந்தப் பகுதிப் பெண்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட இந்திய அணி 2016இல் முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடி, 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று, 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலமும் பெற்றது.

முதல் வேலை காலணி வாங்குவதன்று. உங்கள் மகளுக்கு ஒரு துணையைத் தேடுவதே. தெருவிலோ வகுப்பிலோ இன்னொரு சிறுமியைப் பிடித்து, இருவரையும் ஒரே நாளில் சேர்த்துவிடுங்கள். இருபது பையன்களுக்கு நடுவே தனியாக நிற்கும் பெண் ஒவ்வொரு முறை விழும்போதும் சுற்றிலும் பார்க்கிறாள். பக்கத்தில் தோழி இருந்தால் சிரித்துவிட்டு எழுகிறாள். பயிற்சியைப் பாதியில் நிறுத்திய சிறுமிகளை நான் பார்த்தவரையில், காயத்தால் நின்றவர்களைவிடத் தனிமையால் நின்றவர்களே அதிகம்.

இடம் தேடும்போது மழமழப்பான சிமெண்ட் தளமாகவும், சுற்றிலும் தடுப்பு உள்ளதாகவும், வாகனம் நுழையாததாகவும் பாருங்கள். விடுமுறை நாளில் பள்ளியின் கூடைப்பந்துத் திடலைக் கேட்டு வாங்கினாலே தொடக்கத்துக்குப் போதும். கோடையில் காலை ஆறு முதல் எட்டு மணி வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும் மட்டுமே பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் ஈரம் காயாத தளத்தில் இறங்க வேண்டாம். சக்கரம் வழுக்குவதோடு பேரிங்கும் துருப்பிடிக்கும். ஏற்காட்டில் இருப்பவர்கள் சாலைச் சரிவில் பழக்குவதை அடியோடு தவிர்க்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதைக்குப் பக்கத்தில், நிறுத்தத் தெரியாத குழந்தைக்குச் சிறு இறக்கமும் ஆபத்தே.

காலணி விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிவிடுகிறோம். பள்ளிச் செருப்புக்கு அது சரி, சக்கரக் காலணிக்கு ஆகாது. குதிகால் உள்ளே ஆடினால் கணுக்கால் மடியும், மடிந்த கணுக்காலோடு நேராக ஓட யாராலும் முடியாது. காலுறையோடு மாட்டி நிற்கும்போது பெருவிரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடக்கியதும் விரல் சற்றே பின்வாங்க வேண்டும். அதுதான் சரியான அளவு. வளர்ச்சிக்கு இடம் வேண்டுமென்றால், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையை வாங்குங்கள். சிறு குழந்தைகள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் உள்ள காலணியில் தொடங்கலாம். மட்டை பிடிக்கும் முன்பாக, சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த இன்லைன் காலணிக்கு மாறிவிட வேண்டும், ஏனெனில் பனியில் ஓடும் கத்திக் காலணிக்கு நெருக்கமானது அதுவே. தலைக்கவசம், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் கவசங்கள் ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கொலுசைக் கழற்றிவிட்டுத்தான் காலணி மாட்ட வேண்டும். என் மகள் முதல் வாரம் அதை மறந்துவிட, கொலுசின் திருகாணி கணுக்காலில் பதிந்து புண்ணாகி, பத்து நாள் வீட்டில் உட்கார நேர்ந்தது. தோடு, ஜிமிக்கியும் அப்படியே. உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டையின்மேல் தலைக்கவசம் சரியாக அமராது. பிடரியோடு ஒட்டிய ஒற்றைப் பின்னலே நல்லது.

இனி, விழுவதற்குக் கற்றுக்கொடுங்கள். முதல் வகுப்பை ஓட்டத்தில் தொடங்கும் பயிற்சியாளரைவிட, விழச் சொல்லித் தொடங்குபவரையே நான் நம்புவேன். முழங்காலை மடக்கி, உடலைத் தாழ்த்தி, முன்பக்கமாக முழங்கால் கவசத்தின்மேல் இறங்கி, பிறகு கைக்கவசத்தை ஊன்ற வேண்டும்; விரல்கள் மேல்நோக்கி விரிந்திருக்க வேண்டும். எழும்போது ஒரு முழங்கால் தரையில் இருக்க, மற்றக் காலின் சக்கரங்களைத் தரையில் பதித்து, இரு கைகளையும் அந்தத் தொடைமேல் அழுத்தி எழ வேண்டும். இதைப் புல்தரையில் இருபது முறை செய்த குழந்தை சிமெண்டில் பயப்படுவதில்லை. பாட்டியையும் அன்று அழைத்து வந்து உட்கார வையுங்கள். பேத்தி தானே விழுந்து தானே எழுவதைக் கண்ணால் பார்த்தபின், "பொட்டப்புள்ளைக்குக் கை கால் ஒடிஞ்சா யாரு கட்டிக்குவா?" என்ற பேச்சு எங்கள் வீட்டில் அடங்கிப்போனது.

அடுத்தது, ஓடும்போது நிறுத்துவது. காலணியின் பின்புறம் உள்ள குதிகால் பிரேக்கை மட்டும் நம்பிப் பழகியவர்கள் பின்னால் திணறுவார்கள். ஹாக்கிக்கான காலணிகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. கால்களை அகட்டி முன்விரல்களை உள்நோக்கித் திருப்பி வேகத்தைக் குறைப்பதையும், ஒரு காலைப் பின்னால் குறுக்கே இழுத்து நிறுத்துவதையும் இரு பக்கமும் பழக வேண்டும்.

தயங்காமல் நிறுத்தவும் திசை திரும்பவும் பழகியபின் மட்டையைக் கொடுங்கள். காலணியோடு நிற்கும்போது மட்டையின் நுனி தாடையைத் தொட்டால் நீளம் சரி. பெரியவர்களின் மட்டையை அறுத்துக் கொடுக்க வேண்டாம், அறுக்க அறுக்க அது விறைப்பாகிக் குழந்தையின் கைக்கு வளையாது. புல்தரை ஹாக்கி ஆடிய பெண்ணுக்கு இடது கை மேலே இருந்தே பழக்கம். ஐஸ் ஹாக்கியில் எந்தக் கை மேலே என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை, ஆகையால் அவளே தேர்ந்துகொள்ளட்டும். முதலில் டென்னிஸ் பந்து போதும். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதிலாக அடிக்கும் உண்மையான பக் 156 முதல் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. முகத்தை முழுவதும் மூடும் கம்பிவலை இல்லாமல் அதைத் தொட விடாதீர்கள்.

ஒரு பயிற்சித் தளத்தில் பையன்கள் கையில் மட்டையைக் கொடுத்துவிட்டு, பெண்களை மட்டும் "நீங்கள் ஓட்டப்பந்தயத்துக்குத் தயாராகுங்கள்" என்று ஓரமாக அனுப்பியதைப் பார்த்து மனம் வெந்தேன். வேறொரு நாள், கடைசியாகச் சேர்ந்த சிறுமியை அவள் விருப்பத்தைக் கேட்காமலே கோல் காக்க நிறுத்தினார்கள். எல்லா இடங்களிலும் மாறி மாறி ஆட விடுகிறார்களா என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். உடலால் மோதித் தடுப்பதற்கு ஆண்கள் ஆட்டத்தில் உள்ள அளவு இடம் பெண்கள் ஆட்டத்தில் இல்லை என்பதையும் பயிற்சியாளர் அறிந்திருக்க வேண்டும்.

பெண்கள் அதிகமாக விலகுவது வயதுக்கு வரும் பருவத்தில்தான். வெளிப்படையாகப் பேசினால் இதில் பெரும்பகுதி தீரும். தாழ்ப்பாள் போடும் கழிப்பறையும் உடை மாற்ற அறையும் அருகில் இருக்கின்றனவா, பொறுப்பான பெண் ஒருவர் பயிற்சி நேரம் முழுவதும் இருக்கிறாரா என்று பாருங்கள். பையில் நாப்கின்னும் மாற்றுடையும் எப்போதும் இருக்கட்டும். மாதவிலக்கு நாளில் ஆடுவதும் ஓய்வெடுப்பதும் அவள் முடிவாகவே இருக்க வேண்டும்.

சக்கரத்தில் ஓடி, நின்று, திரும்பப் பழகியபின் பனித்தளத்துக்கு அழைத்துப் போகலாம். நகரங்களின் வணிக வளாகங்களுக்குச் செல்லும் முன், அங்கே இருப்பது உண்மையான பனியா, பிளாஸ்டிக் தளமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். டேராடூனில் முழு அளவு உள்ளரங்கத் தளம் இருக்கிறது. குளிர்காலத்தில் லடாக்கின் லே நகருக்குப் போவதானால் அது 3,500 மீட்டர் உயரம். முதல் இரண்டு நாள் ஓய்வு கட்டாயம். பனியில் முதல் மணி நேரம் மட்டை வேண்டாம். கத்தியின் இரு விளிம்புகளையும் பக்கவாட்டில் சறுக்கி நிறுத்துவதையும் கால் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்; சக்கரத்தில் அதிவேகமாக ஓடியவளும் அங்கே தடுமாறுவாள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இரண்டு தோழிகளையும் சேர்த்தே அழைத்துப் போனால் செலவும் பகிரும், தடுமாற்றமும் பகிரும். வெளியே வந்ததும் கத்தியை உலர்ந்த துணியால் துடைத்து, துணியுறை மாட்டியே பையில் வையுங்கள். ஈரத்தோடு சேலம் வந்து சேர்ந்தால் கத்தி துருவேறியிருக்கும்.