பிளக் ஒயரைக் கலர் பார்த்து வாங்காதீர்கள்: ஸ்ட்ரீட் ராடில் நடக்கும் தவறுகள்

ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஒயரை வாங்கப் போனால், உதிரிபாகக் கடையில் முதல் கேள்வியே “என்ன வருஷம், என்ன மாடல்?” என்றுதான் வரும். ஸ்ட்ரீட் ராடு வைத்திருப்பவர் முழிப்பது அங்கேதான். பாடி 1932 ஃபோர்டு. உள்ளே உட்கார்ந்திருப்பது எழுபதுகளின் ஷெவர்லே 350 வி8. ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வேறொரு இன்ஜினிலிருந்து கழற்றியது. புகையை வெளியே கொண்டுபோகும் பைப்புகளான எக்ஸாஸ்ட் ஹெட்டர் தனியாக வாங்கிப் போட்டது. 1932 ஃபோர்டு என்று சொன்னால் பழைய ஃபிளாட்ஹெட் இன்ஜினுக்கான ஒயர் வரும். 1972 ஷெவர்லே என்று சொன்னால், அந்தக் காரின் கம்பெனி எக்ஸாஸ்ட்டுக்கு அளவெடுத்த ஒயர் வரும். இரண்டுமே இந்த வண்டிக்குச் சரியாக உட்காராது.

அமெரிக்காவில் 1948 வரை வந்த கார்களை எடுத்து, புது இன்ஜின், புது பிரேக் போட்டு ரோட்டில் ஓட்டுவதைத்தான் பொதுவாக ஸ்ட்ரீட் ராடு என்கிறார்கள். பலர் பானட்டின் பக்கத் தகடுகளையும் கழற்றிவிடுவார்கள். இன்ஜின் பளிச்சென்று வெளியே தெரியவேண்டும். ஆகவே பிளக் ஒயரும் நகை மாதிரி ஆகிவிட்டது. பெயின்டுக்குப் பொருத்தமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம். நானும் ஒஹாயோவில் பக்கத்து வீட்டுப் பெரியவருடன் அவர் கராஜில் சனிக்கிழமைகளில் வேலை செய்தபோது, வால்வ் கவருக்கு மேட்ச்சாகத் தடிமனான சிவப்பு ஒயர் செட் ஒன்றை ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஒயரில் குற்றமில்லை, வாங்கிய விதத்திலும் மாட்டிய விதத்திலும்தான் குற்றம்.

தடிமனான ஒயர் போட்டால் ஸ்பார்க் பலமாகும் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். 7, 8, 8.5 எம்.எம். என்பதெல்லாம் ஒயரின் வெளி விட்டம். அதில் பெரும்பகுதி ரப்பர், சிலிகான் உறைதான். பேட்டரியின் வோல்ட்டைக் கூட்டித்தரும் காயில் (coil) 40,000 வோல்ட் வரை தர வல்லதாக இருக்கலாம். ஆனால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு தேவையோ அந்த அளவுக்குத்தான் வோல்ட் ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும். ஒயரால் அதைக் கூட்ட முடியாது, வழியில் சிந்தவிடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் முடியும். நல்ல 8 எம்.எம். ஒயர் தெருவில் ஓடும் இன்ஜினுக்குத் தாராளம். அதற்கு மேல் தடித்தால், ஒயர்களைத் தனித்தனியே பிடித்துவைக்கும் லூம் கிளிப்பில் நுழையாமல் படுத்தும்.

பார்க்கவேண்டியது உள்ளே மின்சாரம் ஓடும் நடுப்பகுதியான கோர். வெறும் செம்புக் கம்பி ஓடும் ஒயர் பழைய காலத் தோற்றத்துக்காக இன்னும் விற்கிறது, மேலே துணி பின்னலோடு அழகாகவும் இருக்கும். தொடுமுனைகள் திறந்து மூடி ஸ்பார்க் தரும் பழைய பாயின்ட் செட் வைத்த இன்ஜினில் ரேடியோ இல்லாமல் ஓட்டுவதென்றால் பரவாயில்லை. எலக்ட்ரானிக் இக்னிஷனோ ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோ இருந்தால் தொடவே வேண்டாம். அந்தச் செம்புக் கம்பி ஒரு ஏரியல் மாதிரி இரைச்சலை வீசும். ரேடியோ கரகரப்பதோடு போகாது, கன்ட்ரோல் பாக்ஸே குழம்பும். கார்பன் கோர் இந்த இரைச்சலை அடக்கும், விலையும் குறைவு, ஆனால் மடித்தால், இழுத்தால் உள்ளே அறுந்துபோகும். மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றிய ஸ்பைரல் கோர்தான் என் தேர்வு. ரெசிஸ்டன்ஸ் குறைவு, இரைச்சலும் அடங்கும். துணி பின்னல் ஆசையை விடமுடியாதவர்கள், இரைச்சல் அடக்கும் கோர் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம்.

அடுத்து இரண்டு முனைகள். பழைய பாயின்ட் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் குழி இருக்கும், ஒயர் முனை அதற்குள் இறங்கும். 1975 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பரவலாகப் போட்ட ஹெச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன் என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன்) கேப்பில் பிளக் தலை போலக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும், ஒயர் அதன்மேல் கவிழும். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் போகாது. ஹெச்.இ.ஐ.யில் காயில் கேப்பின் மேலேயே இருப்பதால் தனிக் காயில் ஒயரும் கிடையாது. இதில் ஸ்ட்ரீட் ராடுக்கென்று ஒரு தலைவலி உண்டு. ஷெவர்லேயின் டிஸ்ட்ரிபியூட்டர் இன்ஜினின் பின்புறம், இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலை ஒட்டி நிற்கும். ஹெச்.இ.ஐ. கேப் பெரிது, பல ராடுகளில் இடிக்கும். அதனால் சிறிய கேப்புக்கு மாறுவார்கள், ஏற்கெனவே வாங்கிய ஒயர் செட் பாழ். டிஸ்ட்ரிபியூட்டரை முடிவு செய்யாமல் ஒயர் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போலத்தான்.

ஒயர் முனையில் பிளக்கை மூடும் உறையான பூட் நேராக, 45, 90, 135 டிகிரி என்று பல வளைவுகளில் வரும். இன்ஜின் பிளாக்கை ஒட்டி இறங்கும் குட்டை ஹெட்டர் போட்ட ராடில், பிளக்குக்கும் பைப்புக்கும் நடுவே விரல் நுழைந்தாலே அதிர்ஷ்டம். டிரைவர் பக்கம் ஸ்டியரிங் தண்டும் குறுக்கே போகும். எட்டுக்கும் ஒரே வளைவு என்று முடிவுகட்டாமல், ஹெட்டரை மாட்டியபின் ஒவ்வொரு பிளக்காகப் பாருங்கள். சிலிகான் பூட் தாங்கும் சூடு பெரும்பாலும் 250 டிகிரி செல்சியஸ் பக்கம். ஹெட்டர் பைப் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஓர் அங்குலம் இடைவெளி கிடைக்காத இடத்தில் ஃபைபர் கிளாஸ் உறை மாட்டுங்கள், அல்லது பீங்கான் பூட் வாங்குங்கள்.

இப்படியெல்லாம் இருப்பதால் ஒரு முனை மட்டும் கட்டி வரும், நாமே வெட்டிக்கொள்ளும் செட்தான் ராடுக்கு ஒத்துவரும். இங்கேதான் கை தவறும். நான் செய்த முதல் தப்பு: ஒயர் முனையின் உலோகக் கவ்வியான டெர்மினலை அழகாக கிரிம்ப் செய்து, அதாவது நசுக்கிப் பொருத்தி முடித்துவிட்டுப் பார்த்தால், பூட் மேஜையில் கிடக்கிறது. பூட்டை முதலில் ஒயரில் ஏற்றிக்கொள்ளவேண்டும். இரண்டாவது, உறையைச் சீவும்போது பிளேடு கோரைத் தொட்டுவிடும். சுமார் அரை அங்குலம் சீவி, கோரை நறுக்காமல் பின்னால் மடித்து உறையின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் டெர்மினலை அழுத்தவேண்டும். டெர்மினலுக்கும் கோருக்கும் தொடர்பே அந்த மடிப்புதான். சாதா பிளையர் வைத்து நசுக்கினால் பிடித்ததுபோல் தெரியும், மூன்றாம் நாள் கழன்று வரும். அதற்கென்று இருக்கும் கிரிம்பர் ஒன்று வாங்கிவிடுங்கள். முடிந்ததும் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். அடிக்கு 500 ஓம் ஒயர் என்றால் இரண்டடித் துண்டு 1,000 ஓம் பக்கம் காட்டவேண்டும். லேசாக ஆட்டும்போது முள் தாவினால் கிரிம்ப் சரியில்லை.

நீளத்தில் கஞ்சம் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மவுன்ட்டில் லேசாகப் புரளும். விறைப்பாகக் கட்டிய ஒயர் பூட்டை இழுக்கும். பூட்டுக்குள், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவினால் ஈரம் ஏறாது, கழற்றும்போது ஒட்டாது. கழற்றுவதும் பூட்டைப் பிடித்து, முறுக்கித்தான்.

ஒயரை ஓட்டும் பாதையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஷெவர்லே சிறிய வி8-இன் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. ஐந்தும் ஏழும் டிரைவர் பக்கத்தில் அடுத்தடுத்த சிலிண்டர்கள், வெடிப்பதும் அடுத்தடுத்து, கேப்பிலும் பக்கத்துப் பக்கத்து இடம். அழகு பார்த்து இரண்டையும் ஒட்டி இணையாக ஓட்டிவிடுவார்கள். ஐந்தாவது ஒயரில் பாயும் கரன்ட் பக்கத்து ஒயரிலும் கரன்டைத் தூண்டும். அப்போது ஏழாவது பிஸ்டன் கம்ப்ரெஷனில் பாதி மேலேறிக்கொண்டிருக்கும். இன்னும் 90 டிகிரி கிராங்க் சுற்றிய பிறகு வரவேண்டிய ஸ்பார்க் அங்கேயே விழுந்தால், ஏறும் பிஸ்டனை எதிர்த்து அடிப்பதுபோல. முதலில் மிஸ்ஸிங், பிறகு நாக்கிங், கவனிக்காவிட்டால் பிஸ்டனே போகும். லூமில் 5-க்கும் 7-க்கும் நடுவே 3-ஐ விடுங்கள். குறுக்கே போகவேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். நைலான் டை போட்டு எல்லாவற்றையும் கொத்தாகக் கட்டுவது பார்க்க நேர்த்தி, ஆனால் ஒயர்கள் ஒட்டிக்கொள்ளும், டை உறையையும் அறுக்கும்.

பழைய ஒயரை மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள். எட்டையும் ஒரேயடியாகப் பிடுங்கிப்போட்டால் அப்புறம் அரை நாள் போகும். இன்ஜின் ஓடும்போது ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம்; எலக்ட்ரானிக் இக்னிஷனில் காயிலும் மாடியூலும் அடிவாங்கும், கையும் வாங்கும்.

எங்கள் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடித்தது அந்தப் பெரியவர்தான். இருட்டியபின் கராஜ் கதவைத் திறந்துவைத்து, விளக்கை அணைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஒயர்களின்மேல் ஸ்பிரே பாட்டிலில் லேசாகத் தண்ணீர் தூவினார். ஏழாவது பூட்டின் அடியிலிருந்து ஹெட்டர் பைப்புக்கு நீலமாக ஒரு நூல் துள்ளித் துள்ளிப் போனது. நேரான பூட், பைப்பில் சாய்ந்து, ஒரு பக்கம் கருகியிருந்தது. அடுத்த சனிக்கிழமை 90 டிகிரி பூட் போட்டோம். சிவப்பு ஒயர் கிடைக்கவில்லை, கறுப்புதான்.