பழைய எம்.ஜி.பி.யைக் குறைந்த செலவில் ஓட வைக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.ஜி. நிறுவனத்தின் எம்.ஜி.பி. 1962-இல் வந்த ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1980 அக்டோபர் வரை தயாரானது. திறந்த ரோட்ஸ்டரும், 1965-இல் சேர்ந்த கூரை போட்ட ஜி.டி.யும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல் தொழிற்சாலையை விட்டு வெளியேறின. அவற்றில் நிறைய வண்டிகள் இன்னும் பிரிட்டன் வீடுகளின் கராஜ்களிலும், தோட்டத்து ஓரம் தார்ப்பாய்க்கு அடியிலும் கிடக்கின்றன. அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் விலை அதிகம் ஏறாத ரகம் இது. ஆணி முதல் முழு பாடி வரை புதிதாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து 1988 முதல் புதிய பாடியே அடித்துத் தருகிறது. குறைந்த பணத்தில், வார இறுதிகளில் மட்டும் வேலை செய்து ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்ட நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்பது என் முடிவு.

நமக்கு இதில் இன்னொரு சொந்தமும் உண்டு. அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த ஒரே பி-சீரிஸ் குடும்பம். அம்பாசடரைப் பிரித்து மாட்டிப் பழகிய மெக்கானிக்கிடம் எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்து காட்டினால் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

இவ்வளவு வசதி இருந்தும், பாதி வேலையோடு கைமாறும் எம்.ஜி.பி.கள் ஏராளம். பணம் போதாமல் நின்றவை என்று சொல்வார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் பல வண்டிகளில் புது சீட் உறை, புது க்ரோம், பளபளக்கும் எஞ்சின் எல்லாம் இருக்கும்; அடியில் கதவுக்குக் கீழ் உள்ள சில் எனும் பாடிப் பகுதி மட்டும் துருவாக இருக்கும். வரிசை மாறிச் செலவழித்ததுதான் அங்கே நடந்தது.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வாங்குவது

முதல் தவறு வாங்கும்போதே நடந்துவிடுகிறது. "செல்ஃப் போட்டதும் ஸ்டார்ட் ஆகிறது, எஞ்சின் நன்றாக இருக்கிறது" என்று நம்பி வாங்குகிறார்கள். இந்த வண்டியில் எஞ்சின்தான் மலிவான பகுதி. பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் கிடைக்கும். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. முடியாவிட்டால் ஓடுகிற பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம். பாடி அப்படியல்ல. எம்.ஜி.பி.க்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில்தான் வண்டியின் முதுகெலும்பு. ரோட்ஸ்டரில் தாங்கிப் பிடிக்கக் கூரையும் இல்லாததால் முழுச் சுமையும் சில்லின் மேல்தான்.

வெளியே தெரியும் தகடு, நடுவில் ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு என்று சில் பல அடுக்காக இருக்கும். முன் சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்கார்டுக்குப் பின்னால் உள்ள இடுக்கில் தேங்கி, அங்கிருந்து சில்லின் முன்முனையைத் தின்னத் தொடங்கும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்தகடு பெரும்பாலும் போயிருக்கும்.

பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மெல்லிய துணி சுற்றிய காந்தம், ஒரு ஜாக்கி, பழைய உடுப்பு போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கும் பூச்சு. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை மேலிருந்து கீழே பாருங்கள். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அடுத்து, ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தில் வைத்து மெல்லத் தூக்கிவிட்டு, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். நல்ல பாடியில் கதவு முன்போலவே திறக்கும். சில் போன வண்டியில் கதவு இறுகும், அல்லது ஜாக்கி தகட்டுக்குள் நறநறவென்று இறங்கும். ஜாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவர் தடுத்தால் விடைபெற்றுக்கொண்டு வந்துவிடலாம்.

சிறு பணத்துக்கு ஏற்றது, எஞ்சின் ஓடாத ஆனால் பாடி திடமான வண்டி. எஞ்சின் ஓடவில்லை என்றதுமே விலை இறங்கும். இறங்கிய விலைதான் உங்கள் லாபம். இன்னொரு யோசனை: 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். அந்த மாடல்களை ரசிகர்கள் கொஞ்சம் ஒதுக்குவதால் விலை குறைவு. 1977 மாடல் முதல் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் வைத்து வளைவில் சாய்வதைக் குறைத்துவிட்டார்கள். ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அது நல்ல தேர்வு. வாங்கிய பிறகு க்ரோம் பம்பருக்கு மாற்றப் புறப்படாதீர்கள். சில்லுக்கான பணம் அதில் போய்விடும்.

துருவின் மேல் தகடு ஒட்டுவது

பழைய சில்லை வெட்டாமல் அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்வது மலிவாகத் தெரியும். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், ஈரம் வெளியேற வழியும் அடைபடும். சில ஆண்டுகளில் இரண்டு தகட்டையும் வெட்டி எடுத்து வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளிச் சில்லின் முனை மட்கார்டுக்கு உள்ளே வரை போகிறது. முறையாகச் செய்ய முன் மட்கார்டைப் போல்ட் கழற்றி எடுக்கவும், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை வெட்டவும் வேண்டும். இதைச் செய்யாமல் "சில் மாற்றியாயிற்று" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வெட்டுவதில் இருக்கும் ஆபத்து இன்னும் பெரிது. கதவைக் கழற்றி, இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தால் பாடி தன் எடையிலேயே தொய்யும். அந்த நிலையில் புதுச் சில்லை வெல்டு செய்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். பிறகு எந்தக் கதவும் சரியாகப் பொருந்தாது. கதவு வாசலின் முன் தூணிலிருந்து பின் தூணுக்கு இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக இறுக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகே மறுபக்கம். புதுத் தகட்டை முதலில் புள்ளிப் புள்ளியாக மட்டும் பிடித்து வைத்து, கதவை மாட்டி, இடைவெளியைப் பார்த்து, திருப்தியான பிறகே முழு வெல்டிங். கதவை நான்கைந்து முறை மாட்டிக் கழற்ற வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான், ஆனால் சில்லின் தரத்தைத் தீர்மானிப்பது இந்த வேலைதான்.

வெல்டிங் தெரியாதென்றால், மட்கார்டு கழற்றுவது, தரைவிரிப்பு எடுப்பது, அடியில் பூசியிருக்கும் பழைய அண்டர்சீலைச் சுரண்டுவது எல்லாவற்றையும் நீங்களே முடித்துவிட்டு, தகடு வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். கூலியில் பெரும்பகுதி இந்தச் சுரண்டலுக்கும் கழற்றலுக்கும்தான் போகிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரிப்பது

உற்சாகத்தில் வண்டியை முழுக்கப் பிரித்துப் பெட்டிகளில் போட்டவர்களில் பலர் திரும்பச் சேர்ப்பதில்லை. கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு வண்டி எப்போதும் நகரக்கூடிய நிலையில் இருப்பது அவசியம். ஒரு வேலை, அதை முடி, அடுத்ததைத் தொடு. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் பெயர் எழுதிய தனிப் பையில் போக வேண்டும். கழற்றும் முன் கைப்பேசியில் படம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற எஞ்சினை வெளியே தூக்கியாக வேண்டும். எஞ்சின் எந்தக் காரணத்துக்காக வெளியே வந்தாலும் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். அங்கே மிச்சப்படுத்துவது வீண்.

ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினுக்கு உடனே செல்ஃப் போடுவது

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பும் ஆசையை அடக்க வேண்டும். சிலிண்டர் சுவரில் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம், எண்ணெய் முழுவதும் கீழே வடிந்திருக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் எண்ணெயை மாற்றி, பிளக் இல்லாமலே செல்ஃபில் சுழற்றி, ஆயில் பிரஷர் முள் எழுவதைப் பார்த்த பிறகுதான் பெட்ரோல். பழைய பெட்ரோலை ஒரு துளி விடாமல் இறக்கிவிடுங்கள். டேங்க் டிக்கித் தரைக்கு அடியில் தொங்குகிறது; இரண்டுக்கும் நடுவே ஈரம் தேங்கி அதன் மேல்பக்கம்தான் துருப்பிடிக்கும். கீழிருந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

முதலில் வரும் புகையைக் கண்டு எஞ்சினைப் பிரிக்கக் கிளம்புவதும் தவறு. ரிங் இளகச் சில நூறு மைல் ஓட வேண்டியிருக்கும். கம்ப்ரெஷன் பார்த்து நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அப்படியே ஓட்டுங்கள். எண்ணெய் 20டபிள்யூ-50 போதும். இன்றைய கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் எண்ணெய் இதற்கு வேண்டாம். ஈயமில்லாத பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை மாற்றச் சொல்லுவார்கள். உண்மைதான், ஆனால் அதற்காகவே சிலிண்டர் ஹெட்டை இறக்க வேண்டாம். அதுவரை பெட்ரோலில் கலக்கும் திரவம் காப்பாற்றும். வேறு காரணத்துக்கு ஹெட் வெளியே வரும்போது செய்துகொள்ளலாம்.

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் சேர்கிறது. பழைய ரப்பர் ஹோஸை அது அரிக்கும். எரிபொருள் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுவது சில்லறைச் செலவு. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் பெட்ரோல் சொட்டினால் வண்டியே போய்விடும்.

கார்புரேட்டரை முதலில் தொடுவது

எஞ்சின் இழுக்கவில்லை என்றதும் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரைத் திருகத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் கோளாறு இக்னிஷனில். முதலில் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே உள்ளது, 0.015 அங்குலம். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரில் கரண்டைத் துண்டித்து இணைக்கும் பாயிண்ட். பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வெயிட் இறுகியிருக்கிறதா, வேக்குவம் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து டைமிங். கார்புரேட்டர் கடைசி, அதிலும் முதலில் அதன் தலையில் உள்ள டாஷ்பாட் குழாயில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயரிங்கும் இதே கதை. விளக்கு மங்கலாக எரிகிறது என்று முழு வயரிங்கையும் மாற்றுவார்கள். இணைப்புகளையும் எர்த்தையும் சுத்தம் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையை விட்டுவிட்டு மாட்டினால் செல்ஃப் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து அது பழுக்கச் சிவக்கும். 1967 கடைசிக்கு முந்தைய மாடல்கள் பாஸிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாஸிட்டிவ் முனை பாடியோடு இணைந்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

உதிரிபாகத்தில் ஓர் எச்சரிக்கை. டிஸ்ட்ரிபியூட்டருக்கு இப்போது வரும் மலிவு ரோட்டர், கண்டென்சர் பல தரமற்றவை. புதிதாய் மாட்டிய மறுநாளே சாலையில் நிறுத்திவிடும். நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் பழைய லூக்காஸ் நிறுவனப் பொருளைத் தூக்கிப் போடாதீர்கள்.

பிரேக்கில் கணக்குப் பார்ப்பது

இதில் பேரம் இல்லை. மாஸ்டர் சிலிண்டர், முன் காலிப்பர், பின் வீல் சிலிண்டர், மூன்று ஹோஸ், குழாய்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்யுங்கள். துருப்பிடித்த எஃகுக் குழாய்க்குப் பதில் செம்பு-நிக்கல் குழாய் போடலாம். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி, பிரேக்கை விட்ட பிறகும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். டயரில் பட்டன் ஆழம் மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

40 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு பிரிட்டனில் 2018 மே முதல் ஆண்டுச் சோதனையான எம்.ஓ.டி. கட்டாயமில்லை. வயதைப் பொறுத்தவரை எல்லா எம்.ஜி.பி.யும் இப்போது அந்தக் கணக்கில் வரும். அதனால் சோதனையே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். வண்டி சாலைக்குத் தகுதியாக இருக்க வேண்டிய பொறுப்பு சட்டப்படி ஓட்டுபவர் மேல் அப்படியே இருக்கிறது. நீங்களே செய்த பிரேக்கையும் வெல்டிங்கையும் அனுபவமுள்ள இன்னொருவர் அடியில் நின்று பார்ப்பதற்கு எம்.ஓ.டி. கட்டணம் மிக மலிவு. விரும்பிக் கேட்டால் செய்து தருவார்கள்.

பெயிண்டில் ஆரம்பிப்பது

பெயிண்ட் கடைசி. ஒரு குளிர்காலமாவது ஓட்டி, எது ஒழுகுகிறது, எது உரசுகிறது, எந்தக் கதவை மறுபடி சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகு அடியுங்கள். அதுவரை வெறும் தகடு தெரியும் இடங்களில் பிரைமரும் மேலே ஒரு பூச்சும் போதும். பிரைமர் மட்டும் இருந்தால் ஈரம் ஊடுருவும். வீட்டு கராஜில் டூ-பேக் பெயிண்டை (ஹார்டனர் கலந்து அடிப்பது) ஸ்ப்ரே செய்யாதீர்கள். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், வாழ்நாள் ஆஸ்துமாவில் கொண்டு விடும். தனிக் காற்றுக் குழாயுள்ள முகமூடியும் முறையான அறையும் இல்லாமல் தொடக்கூடாத பொருள் அது. தேய்ப்பது, பட்டி பார்ப்பது, மாஸ்கிங் ஒட்டுவது எல்லாம் நீங்கள் செய்துவிட்டு, கடைசிப் பூச்சை மட்டும் பெயிண்ட் ஷாப்பில் அடிக்கக் கொடுங்கள்.