கிரேக்கத் தவெர்னாவில் சாப்பிடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாஃப்பிலியோ ஊரில் ஒரு சந்துக்குள் இருந்த தவெர்னாவுக்கு நாங்கள் நான்கு பேர் போனபோது மாலை மணி ஏழு. எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆளுக்கு ஒன்றாக நான்கு பதார்த்தம் சொன்னோம். முசாக்கா (கத்திரிக்காயும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்டது) ஐந்தே நிமிடத்தில் வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பொரித்த சீஸ். ஆட்டு விலா வறுவல் வர முக்கால் மணி நேரம் ஆனது. முசாக்கா சொன்னவர் மற்றவர்களுக்காகக் காத்திருந்து அதை ஆறவிட்டார். விலா சொன்னவர், மற்ற மூவரும் வெறுந்தட்டோடு பார்த்துக்கொண்டிருக்கத் தனியாகச் சாப்பிட்டார். என்ன கடை இது என்று எங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டோம்.

ஒன்பது மணிக்குப் பக்கத்து மேசையில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அவர்களுக்கும் பதார்த்தங்கள் அதே மாதிரி ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத்தான் வந்தன. ஆனால் வந்த ஒவ்வொரு தட்டும் மேசையின் நடுவில் போய் உட்கார்ந்தது. எட்டு முள்கரண்டிகளும் அதை நோக்கி நீண்டன. அது தீர்வதற்குள் அடுத்த தட்டு வந்தது. யாரும் காத்திருக்கவில்லை, யாரும் தனியாகச் சாப்பிடவில்லை. தவறு கடையில் இல்லை, நாங்கள் ஆர்டர் சொன்ன விதத்தில்தான் இருந்தது என்பது அப்போது புரிந்தது.

தவெர்னா என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்தும் சாப்பாட்டுக் கடை. அப்பா கரியடுப்பில் நிற்பார், அம்மா உள்ளே சமைப்பார், பிள்ளைகள் பரிமாறுவார்கள். நான்கு பேருக்கு நான்கு தட்டை ஒரே நேரத்தில் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு அங்கே கிடையாது. எது தயாரோ அது வரும். அதற்கு ஏற்ற மாதிரிதான் கிரேக்கர்கள் சாப்பிடுகிறார்கள். ஆர்டர் சொல்லும்போதே 'ஸ்தி மேஸி' என்பார்கள். 'நடுவில் வையுங்கள்' என்று பொருள். இந்த இரண்டு சொற்களை மட்டும் கற்றுக்கொண்டு போனாலே பாதித் தவறுகள் தீர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது அடுத்த தவறு. தட்டுகள் பெரிது. நான்கு பேருக்கு ஒரு சாலட், மூன்று நான்கு சிறு தட்டுகள் (இவற்றுக்கு மெஸேதெஸ் என்று பெயர்), அப்புறம் இறைச்சியோ மீனோ ஒன்றிரண்டு போதும். பற்றவில்லை என்றால் மறுபடியும் சொல்லிக்கொள்ளலாம். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஏழு மணிக்குப் போகாதீர்கள்

கிரேக்கத்தில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல், கோடைக்காலத்தில் பத்துக்கும் மேல். ஏழு மணிக்குப் போனால் சாப்பாடு கிடைக்கும், ஆனால் அடுப்பில் கரி கனிந்திருக்காது, கடையும் களைகட்டியிருக்காது. ஞாயிறு மதியம் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக வருவார்கள். அன்றைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காமல் போனால் இடம் கிடைப்பது கஷ்டம். ஆகஸ்ட் 15, மாதா திருநாள், அதைவிட நெரிசல். இரவு பதினொரு மணிக்குக் குழந்தைகள் மேசைகளுக்கு நடுவே ஓடி விளையாடுவதைப் பார்த்து முகம் சுளிக்கவும் வேண்டாம். அங்கே அது சகஜம்.

வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் கடைகளைத் தாண்டிப் போய்விடுங்கள். ஏதென்ஸில் பிளாக்கா, மோனஸ்திராக்கி பக்கம் இப்படிப்பட்டவை நிறைய. ஒரு கடை நல்ல கடையா என்று தெரிய, ஒன்பதரை மணிக்கு உள்ளே கிரேக்க மொழி கேட்கிறதா என்று பார்த்தால் போதும்.

ரொட்டியும் சாலட்டும்

உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலே ரொட்டி வரும். அது இலவசம் என்று நினைத்து, பில்லில் பார்த்ததும் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அதற்குக் 'கூவெர்' என்று ஆளுக்கு ஒரு சிறு தொகை போடுவார்கள். பொதுவாக ஒன்றிரண்டு யூரோவைத் தாண்டாது, விலைப்பட்டியலிலும் இருக்கும். வேண்டாம் என்றால் வந்த உடனே சொல்லித் திருப்பிவிடலாம். ஆனால் திருப்பாதீர்கள் என்பதுதான் என் யோசனை, ஏனென்றால் அந்த ரொட்டிக்கு முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது.

நாம் 'கிரீக் சாலட்' என்று சொல்வதன் பெயர் அங்கே ஹொரியாத்திகி, அதாவது கிராமத்துச் சாலட். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், குடைமிளகாய், ஆலிவ், மேலே ஒரே வில்லையாக ஃபெட்டா, அதன்மேல் ஓரிகனோ, நிறைய ஆலிவ் எண்ணெய். லெட்யூஸ் இலை கிடையாது. இலை எங்கே என்று கேட்காதீர்கள். ஃபெட்டாவைத் துருவித் தரச் சொல்லாதீர்கள். 2002 முதல் ஃபெட்டா என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. குறைந்தது 70 சதவீதம் செம்மறியாட்டுப் பாலும் மீதி வெள்ளாட்டுப் பாலும் சேர்த்து, கிரேக்கத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். அந்த வில்லையை முள்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துச் சாப்பிட வேண்டும்.

காய் எல்லாம் தீர்ந்த பிறகு தட்டின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் ஃபெட்டாத் தூளும் கலந்து நிற்கும். ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்து வழித்துச் சாப்பிடுவதற்குப் 'பாபாரா' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். நாகரிகம் பார்த்துக்கொண்டு அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டால் சாலட்டின் சிறந்த பகுதியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கிரேக்கம் என்றால் ஆட்டுக்கறியும் மீனும்தான் என்று எண்ணிக்கொண்டு, கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு போகிறார்கள். உண்மையில் தவெர்னாக்களில் காய்கறிச் சமையல் மிக வளமானது. ஆலிவ் எண்ணெயிலும் தக்காளியிலும் மெதுவாக வேகவைக்கும் காய்களுக்கு 'லாதெரா' என்று பெயர். பச்சை பீன்ஸ் போட்டால் ஃபாசொலாக்கியா. கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, சுரைக்காய் போன்ற சுக்கினி எல்லாம் சேர்த்து அடுப்பில் சுட்டால் பிரியாம். பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயறு யீகாந்தெஸ். காட்டுக் கீரையை வேகவைத்து எலுமிச்சையும் எண்ணெயும் விட்டுத் தருவது ஹொர்த்தா. மஞ்சள் பயறைக் கடைந்து, மேலே பச்சை வெங்காயமும் எண்ணெயும் போடுவது ஃபாவா. சாந்தோரினித் தீவு இதற்குப் பெயர் போனது. நம் வீட்டுப் பருப்புக் கடைசலை நினைவுபடுத்தாமல் இருக்காது.

பழைய பாணிக் கடைகளில் சமையலறைக்கே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கூச்சப்பட வேண்டாம், கேளுங்கள். எனக்கு ஓர் அம்மா ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து காட்டினார். ஒன்றில் வெண்டைக்காய்! விரல் கணு அளவுப் பிஞ்சுகள், காம்பைச் சுற்றிக் கூம்பாகச் சீவி, ஒன்றுகூட உடையாமல் தக்காளியில் கிடந்தன. வழவழப்பே இல்லை. எப்படி என்று சைகையில் கேட்டேன். வினிகர் புட்டியைத் தூக்கிக் காட்டினார், பிறகு ஜன்னல் வழியாக வெயிலைக் காட்டினார். வினிகர் தெளித்து வெயிலில் வைத்துவிட்டுத்தான் சமைக்கிறார்கள். நாம் மோரும் புளியும் விட்டுச் செய்வதை அவர்கள் வினிகரில் செய்கிறார்கள்.

இனி எச்சரிக்கைகள். 'நிஸ்டீசிமோ' என்ற சொல்லைச் சைவம் என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அது ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு உணவைக் குறிக்கும் சொல். இறைச்சி, பால், முட்டை, மீன் கிடையாது; ஆனால் இரத்தமில்லாதவை என்பதால் ஆக்டோபஸ், கணவாய், இறால் எல்லாம் அதில் அடங்கும். அந்தச் சொல்லை நம்பிக் கேட்டால் கணவாய் தட்டில் வந்து நிற்கலாம். 'ஹொர்த்தோஃபாகோஸ்' என்பதுதான் சைவர். அதோடு நிற்காமல் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், கடலில் கிடைக்கும் எதுவும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள்.

தக்காளிக்குள்ளும் குடைமிளகாய்க்குள்ளும் அரிசி அடைத்துச் சுடும் யெமிஸ்தாவில் சில வீடுகளில் கொத்துக்கறியும் சேர்ப்பார்கள். கறி இல்லாததை 'ஒர்ஃபனா' என்பார்கள். அனாதை என்று அர்த்தம். துணைக்குக் கறி இல்லையாம். திராட்சை இலையில் அரிசி சுற்றிய தொல்மாதெஸுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். அதில் கறி இல்லாத வகைக்கு 'யலாஞ்சி' என்று பெயர். மிகக் கண்டிப்பான சைவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: பாரம்பரிய ஃபெட்டாவைக் கன்று, ஆட்டுக்குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள்.

ஆறிப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பாதீர்கள்

லாதெராவும் முசாக்காவும் காலையிலேயே சமைத்து வைப்பவை. வெதுவெதுப்பாகத்தான் வரும். ஆவி பறக்கச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது குறையாகத் தெரியும். ஆனால் எண்ணெயும் காயும் தக்காளியும் ஒன்றோடொன்று ஊறிச் சேர்வதற்கு அந்த நேரம் தேவை. நம் வீட்டு வத்தக்குழம்பு மறுநாள் ருசிப்பது மாதிரிதான் இதுவும். மறுபடி சூடாக்கச் சொன்னால் காய் குழைந்துவிடும்.

காரம் இல்லையே என்று முதல் வாய்க்கு முன்பே சாஸ் கேட்பதும் வேண்டாம். எலுமிச்சை பிழிந்து பாருங்கள். அப்படியும் நாக்கு கேட்கவில்லை என்றால் 'பூக்கொவோ' என்று கேளுங்கள். அது வடக்குப் பகுதிக் கொரகொரப்பு மிளகாய்த்தூள், பல கடைகளில் இருக்கும்.

மீனை எடை போடாமல் வாங்காதீர்கள்

பட்டியலில் மீனுக்கு எதிரே இருக்கும் விலை ஒரு தட்டுக்கு அல்ல, பல சமயம் ஒரு கிலோவுக்கு. இதைக் கவனிக்காமல் பில்லைப் பார்த்து அதிர்கிறவர்கள் ஏராளம். கிலோ 60 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 கிராம் மீன் என்றால் 48 யூரோ. கடைக்காரரோடு போய்ப் பனிக்கட்டியில் இருக்கும் மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, சமைப்பதற்கு முன்பே உங்கள் கண்ணெதிரே எடை போடச் சொல்லி, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். கிரேக்கர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். இதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. புதிதாக இல்லாமல் ஃப்ரீசரில் உறைய வைத்த சரக்குக்குப் பட்டியலில் நட்சத்திரக் குறியோ, கிரேக்க எழுத்தில் 'கத்' என்ற சுருக்கமோ போட்டிருப்பார்கள்.

விலை அதிகம் என்று தோன்றினால் 'காவ்ரோஸ்' கேளுங்கள். நம் நெத்திலியின் உறவுதான். மாவில் புரட்டி முழுசாகப் பொரித்து எலுமிச்சையோடு வரும், பொதுவாக விலையும் மலிவு. கையாலேயே எடுத்துச் சாப்பிடலாம், அங்கேயும் அப்படித்தான்.

கையும் தலையும்

போதும் என்று சொல்ல நாம் உள்ளங்கையைக் காட்டுவோம். ஐந்து பேர் என்பதற்கும் ஐந்து விரலையும் விரிப்போம். கிரேக்கத்தில் விரல்களை விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேராக நீட்டுவது 'முஞ்சா' எனப்படும் கடுமையான வசை. வெளிநாட்டுக்காரர் தெரியாமல் செய்கிறார் என்று பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனாலும் புறங்கையைக் காட்டுங்கள், அல்லது நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்று சொல்லுங்கள். 'நே' என்றால் ஆமாம், 'ஓஹி' என்றால் இல்லை. நாம் 'என்ன?' என்று கேட்கத் தலையை மேலே தூக்குவது போல அவர்கள் தூக்கினால், அது கேள்வி அல்ல, இல்லை என்ற பதில். கூடவே 'ச்சு' என்று ஒரு சத்தம் வரும். அதை மட்டும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மது அருந்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டு வைன் ஜாடியில் வரும், கிலோக் கணக்கில்தான் சொல்வார்கள், அரைக் கிலோ என்றால் அரை லிட்டர். சோம்பு மணம் கொண்ட ஊஸோ என்ற சாராயத்தை ஒரே மடக்கில் குடிக்காதீர்கள். தண்ணீர் விட்டால் பால் போல வெளுக்கும், அதைச் சிறு தட்டுகளோடு மெதுவாக உறிஞ்ச வேண்டும்.

பில்

நீங்கள் கேட்காமல் பில் வராது. மறந்துவிட்டார்கள் என்று கோபப்பட வேண்டாம். சாப்பிட்டு முடித்தவரிடம் கேட்காமலே பில்லை நீட்டினால் எழுந்து போ என்று சொல்வது போல ஆகிவிடும் என்பதால்தான் அவர்கள் வருவதில்லை. 'தொன் லொகரியஸ்மோ, பரகலோ' என்று கேளுங்கள். ரசீது தராவிட்டால் பணம் தரக் கடமையில்லை என்ற அறிவிப்பு எல்லாக் கடைகளிலும் இருக்கும்; அது சட்டம். டிப்ஸுக்குக் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். தொகையை மேலே முழுமையாக்கி, சில்லறையை மேசையில் வைத்துவிட்டு வந்தாலே மகிழ்வார்கள்.

பணம் வைத்த கையோடு எழுந்துவிடாதீர்கள். பில்லோடு ஒரு தட்டில் தர்பூசணித் துண்டுகளோ, தயிரும் தேனுமோ, கிரீட் தீவு என்றால் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ரக்கி என்ற திராட்சைச் சாராயமோ வரும். அதற்குக் 'கேரஸ்மா' என்று பெயர், வீட்டுக்காரரின் உபசரிப்பு, காசு கிடையாது. இதற்கும் காசா என்று கேட்பதும், நேரமாகிறது என்று தொடாமல் கிளம்புவதும் அவர்களை வருத்தப்படுத்தும். ரக்கி குடிக்காதவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால் போதும், உள்ளே போய் இனிப்பாக ஏதாவது எடுத்துவருவார்கள். அதற்குள் பாட்டி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்று விசாரிக்க ஆரம்பித்திருப்பார்.